முயலின் காதைத் தாழ்த்திய வேர்

விரல் பருமன்கூட இல்லாத வேர். வளைந்து நெளிந்திருக்கும். மேலே பழுப்பு கலந்த மஞ்சள் பட்டை, ஒடித்தால் உள்ளே வெளுப்பு. முகர்ந்தால் சொல்லும்படியான வாசனை கிடையாது. நாக்கில் வைத்தால்தான் குணம் தெரியும்: எளிதில் விலகாத கசப்பு. மிளகும் சுக்கும் ஏலமும் மூக்கைத் துளைக்கிற மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இப்படியொரு வேர் யார் கண்ணிலும் படாது. மலையாளத்தில் இது அமல்பொரி, நம் நாட்டுமருந்துக் கடைகளில் சர்ப்பகந்தி. செடி இரண்டு மூன்றடிக்கு மேல் வளராது. கணுவுக்கு மூன்று இலை, சிவந்த காம்பில் வெள்ளைப் பூங்கொத்து, பழுத்தால் கறுக்கும் சிறு காய்.

மனிதன் தன் விருப்பப்படிதான் நடக்கிறானா, மூளைக்குள் ஓடும் ரசாயனக் கணக்கைத்தான் தன் விருப்பம் என்று எண்ணிக்கொள்கிறானா? இந்த வழக்கைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் தொடங்குவார்கள். எனக்குக் கொச்சியில் தொடங்கத் தோன்றுகிறது. இந்த வேர் கொச்சியில் காகிதத்தில் ஏறி ஆம்ஸ்டர்டாம் போயிற்று. பிறகு கல்கத்தா, பாசல், லுண்ட், வியன்னா என்று சுற்றி அந்த வழக்கின் நடுவிலேயே போய் நின்றது.

1670 முதல் 1677 வரை மலபாரில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்தவர் ஹென்றிக் வான் ரீட். மலபாரின் செடிகொடிகளையெல்லாம் ஒரு நூலாக்கிவிட வேண்டும் என்று இறங்கினார். காட்டுக்கு ஆள் அனுப்பி, பூவும் காயுமாகக் கொண்டுவரச் செய்து, வாடுவதற்குள் ஓவியர்களை வரையவைத்தார். ஆனால் அந்த நூலின் அறிவு உள்ளூர்க்காரர்களுடையது. சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தன் குடும்பச் சுவடியிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சொன்னார். கொங்கணிப் பிராமண வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் மூவரும் மருத்துவப் பயன்களை விளக்கினார்கள். 1675 ஏப்ரலில் அவர்கள் நாகரி எழுத்தில் எழுதிக்கொடுத்த சான்று, முதல் தொகுதியில் அப்படியே அச்சாகியிருக்கிறது. ஹோர்த்துஸ் மலபாரிகுஸ் என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. 700க்கும் மேற்பட்ட செடிகள். நம் வேர் 1686ல் வந்த 6ஆம் தொகுதியில் இருக்கிறது.

நூலின் முதல் இரண்டு தொகுதிகளுக்கு லத்தீன் எழுதியவர் யோஹான்னஸ் காசேரியஸ். கொச்சியில் டச்சுச் சபையின் மதகுரு. கொச்சிக்கு வருவதற்கு முன் இவர் யாரிடம் படித்தார் என்பது, இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பெரிய வியப்பு. 1660களின் தொடக்கத்தில் லைடனை ஒட்டிய ரைன்ஸ்பர்க் கிராமத்தில், ஸ்பினோசாவோடு ஒரே வீட்டில் தங்கிப் பாடம் கேட்ட மாணவர் இவர்தான். சுயேச்சை என்பது மனிதனின் மயக்கம் என்று ஐரோப்பாவில் மிகத் துணிவாகச் சொன்ன அதே ஸ்பினோசா.

மாணவர் மீது ஆசிரியருக்கு முழு நம்பிக்கை இல்லை. பையன் இன்னும் முதிரவில்லை, என் சொந்தக் கருத்துகளை அவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தன் தத்துவத்தை மறைத்துக்கொண்டு டெகார்ட்டின் தத்துவத்தைச் சொல்லி எழுதவைத்தார். அந்தப் பாடமே 1663ல் நூலாக வந்தது. மனிதனின் விருப்பம் சுதந்திரமானது என்ற டெகார்ட்டின் கருத்தை ஆசிரியர் ஏற்கவில்லை என்று அதன் முன்னுரையில் நண்பர் மெயரைச் சொல்லவைத்தார். ஆக, தானே நம்பாத சுயேச்சையை ஒருவர் பாடமாகச் சொல்ல, அதைக் கேட்டு எழுதியவர் கப்பலேறி நம் கரைக்கு வந்து செடிகளுக்கு லத்தீன் எழுதினார்.

அவரைச் சுற்றி இருந்தவர்களையும் பாருங்கள். கொச்சிக் கொங்கணிகள், கோவாவில் போர்த்துகீசியர் கெடுபிடி தாங்காமல் 16ஆம் நூற்றாண்டில் தெற்கே வந்தவர்கள். மட்டாஞ்சேரி செர்லாயில் இருக்கும் திருமலை தேவஸ்வம் கோவில்தான் இன்றும் அந்தச் சமூகத்தின் நடுநாயகம். மத்வர் வழி வைணவம் அவர்களுடையது. ஜீவன் செயல்படுகிறவன்தான், இல்லாவிட்டால் இதைச் செய், அதைச் செய்யாதே என்ற சாத்திர விதிகளுக்குப் பொருளே இல்லை என்று வேதாந்திகள் வாதிட்டார்கள். ஆனால் தன்வசமாகச் செயல்படுகிறவன் ஹரி ஒருவனே, ஜீவனின் செயலுரிமை அவனிடமிருந்து வருவது என்பது மத்வரின் நிலை. காசேரியஸ் பிரசங்கித்த டச்சுச் சபையோ, 1618-19ல் டார்ட் நகரில் கூடிய மாநாட்டின் முடிவைத் தாங்கிப் பிடித்த சபை. மீட்பு பெறுவோரைக் கடவுள் முன்பே தேர்ந்துவிட்டார் என்பது அந்த முடிவு. மனிதன் முழுச் சுதந்திரன் அல்ல என்று வெவ்வேறு வழியில் நம்பியவர்கள் ஒரே செடியின் இலையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நூலில் தத்துவம் எதுவும் இல்லை. இலை, பூ, வேர், எந்த நோய்க்கு எப்படிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரிக்கு இன்னொரு இழையும் உண்டு. நம் வேர் அச்சேறிய அதே 1686ல் ஆம்ஸ்டர்டாம் யூதர் மொசே பெரேரா த பைவா கொச்சிக்கு வந்து இங்குள்ள யூதர்களைப் பார்த்துப் போனார். அவர் எழுதிய குறிப்பு அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அவரை அனுப்பிய ஆம்ஸ்டர்டாம் போர்த்துகீசிய யூதச் சமூகம்தான் 1656ல் ஸ்பினோசாவைச் சமூக விலக்கம் செய்தது.

1674ல் ஸ்பினோசா ஒரு கடிதத்தில் கல்லைப் பற்றி எழுதினார். யாரோ எறிந்த கல் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. நடுவழியில் அதற்கு நினைவு வந்தால், தன் முயற்சியை மட்டும் அது அறியும், எறிந்த கையை அறியாது. ஆகவே நான் விரும்பித்தான் போகிறேன் என்றே எண்ணும். மனிதர் பெருமை கொள்ளும் சுதந்திரமும் இப்படித்தான் என்றார். குருவும் சீடரும் ஒரே ஆண்டில், 1677ல், இறந்தார்கள். குரு ஹேக் நகரில், சீடர் பத்தாவியாவில். அந்தக் கல்லுக்கு ஒரு மருத்துவமனைச் சாட்சி 300 ஆண்டுக்குப் பிறகு வரும் என்பதும், அந்தச் சாட்சிக்கு வழி காட்டியது கொச்சி நூலில் உள்ள ஒரு செடி என்பதும் இருவருக்கும் தெரியாது.

இடைப்பட்ட வழியை வேகமாகக் கடந்துவிடலாம். 1753ல் லின்னேயஸ் கொச்சி நூலைச் சுட்டியே இதற்கு லத்தீன் பெயர் வைத்தார். பீகாரில் ஏழைகள் மனநோய்க்கு இந்த வேரையே கொடுத்துவந்தார்கள். பைத்தியத்துக்கு மருந்து என்பதே அங்கே அதன் பெயர். 1931ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் இது பயன்படுவதை எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து அஜ்மலின் என்ற சாரத்தைப் பிரித்தெடுத்தார். 1949ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்தக்கொதிப்பு நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். மேற்குலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். 1952ல் பாசலில் சீபா நிறுவனத்தார் வேரின் முக்கிய சாரத்தைப் பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். 1954ல் நியூயார்க் ராக்லண்ட் அரசு மருத்துவமனையில் நேதன் கிளைன் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்த வார்டு அடங்கியது.

அடங்கியது என்றால் என்ன? அமைதி அடைந்ததா, விருப்பமே போய்விட்டதா? அந்தக் கேள்விக்கு விடை முயலிடம் கிடைத்தது.

1957. ஸ்வீடனின் லுண்ட் நகரம். அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார். முயல் கூனிக் குறுகி உட்கார்ந்துவிட்டது. காது இரண்டும் தொங்கின. அசைவில்லை. தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, உடம்பு அப்படியே இருக்கிறது, எதையும் தொடங்கத்தான் முடியவில்லை. பிறகு அதே முயலுக்கு டோபா என்ற பொருளை ஏற்றினார். சிறிது நேரத்தில் காது நிமிர்ந்தது, முயல் நடமாடத் தொடங்கியது. ஒன்றிரண்டு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டிய காட்சி அது. நரம்பணுக்கள் தமக்குள் பேசிக்கொள்ளச் சில பொருள்களைச் சிறு பைகளில் சேமித்துவைக்கின்றன. ரெசர்பின் அந்தப் பைகளுக்குள் சரக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது. வெளியே நின்ற சரக்கு அழிந்துபோகிறது. அப்படிக் காலியான பொருள்களில் ஒன்று டோபமைன். டோபா உள்ளே போய் டோபமைனாக மாறியதும் முயல் எழுந்துவிட்டது. அதுவரை டோபமைனை வேறொரு பொருள் தயாராகும் வழியில் வரும் இடைச்சரக்கு என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அது தனியாகவே செயல்படுகிற பொருள் என்று கார்ல்சன் சொன்னபோது 1960ல் லண்டன் கூட்டத்தில் பெரியவர்கள் நம்பவில்லை. 2000ல் நோபல் பரிசு வந்தது.

இங்கே நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த டோபாவின் சரியான வடிவத்தை, எல்-டோபாவை, பூனைக்காலி விதையிலிருந்து 1937ல் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது எந்த நோய்க்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. பூனைக்காலியும் ஹோர்த்துஸ் மலபாரிகுஸில் இருக்கிறது, 8ஆம் தொகுதியில், நாய்க்கொரணை என்ற பெயரில். முயலைத் தாழ்த்திய செடியும் எழுப்பிய பொருளைத் தாங்கிய செடியும் கொச்சியில் ஒரே நூலுக்காக வரையப்பட்டவை.

1960ல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிக்கிவிச்சும், நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வறண்டிருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அங்கே நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டுப் பார்க்கப்பட்டது. 1967ல் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழி நிறைய அளவில் கொடுக்கும் முறையைக் கண்டபின் அது உலக மருந்தாயிற்று. நடுக்குவாத நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வாசல்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நட என்று மனம் சொல்கிறது, கால் கேட்கவில்லை. தரையில் குறுக்கே கோடுகள் போட்டுவைத்தால் அதே மனிதர் ஒவ்வொரு கோடாகத் தாண்டி நடந்துபோவார். விருப்பத்துக்கும் செயலுக்கும் நடுவில் எத்தனை கதவு இருக்கிறது என்பதை இந்த நோய் காட்டுவதுபோல் எந்தத் தத்துவ நூலும் எனக்குக் காட்டவில்லை.

இதுவரை கதை முடக்கத்தைப் பற்றியது. கை நடுங்கினால், கால் நின்றால், அது நோய் என்று ஒப்புக்கொள்வதில் யாருக்கும் சங்கடமில்லை. சங்கடம் 2000க்குப் பிறகு வந்தது.

டோபமைன் போலவே நடிக்கும் மருந்துகள், பிரமிபெக்ஸால், ரோபினிரோல் போன்றவை, 1990களின் பிற்பாதியில் புழக்கத்துக்கு வந்தன. 2005ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இந்த மருந்துகளைத் தொடங்கியபின் சூதாட்டத்தில் வெறியாக விழுந்தவர்கள். மருந்தைக் குறைத்து அல்லது நிறுத்தித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுக்கு ஆசை அடங்கிவிட்டது. 2010ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பரிசோதித்த டேனியல் வைன்ட்ராப் குழு, இந்த வகை மருந்து எடுப்போரில் 17.1 விழுக்காட்டினருக்குக் கட்டுப்படாத வேட்கை ஏதாவது ஒன்று இருப்பதைக் கண்டது. சூதாட்டம், காமம், வாங்கிக் குவித்தல், அள்ளித் தின்னுதல். இந்த வகை மருந்து எடுக்காதவர்களில் அது 6.9 விழுக்காடு.

இந்த நோயாளிக்கு யாரோ தன்னைத் தள்ளுவதாகத் தோன்றுவதில்லை. கை தானாக ஆடுவதுபோல் இல்லை. இது என் ஆசை, நான்தான் போகிறேன், எனக்கு அதிர்ஷ்டம் வரப்போகிறது என்றே தோன்றுகிறது. பறக்கும் கல்லுக்குத் தோன்றியது போலவே. அவருடைய ஆசையை எறிந்த கை ஒரு வெள்ளை மாத்திரை. எனக்குச் சுதந்திரமாகத் தோன்றுகிறது என்ற சாட்சியம் இங்கே செல்லாக் காசாகிவிடுகிறது.

சுயேச்சை வழக்கில் அதிகம் சொல்லப்படுவது பெஞ்சமின் லிபெட் 1983ல் வெளியிட்ட சோதனை. சோதனைக்கு வந்தவர்களை விரும்பும்போது கையை மடக்கச் சொன்னார். மடக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதாக அவர்கள் சொன்ன கணத்துக்கு மூன்றில் ஒரு வினாடி முன்பே மூளையில் ஆயத்த மின் அலை எழுந்துவிட்டது. முடிவை மூளை எடுத்துவிட்டது, நமக்குத் தகவல் பிறகுதான் வருகிறது என்று பலர் முழங்கினார்கள். 2012ல் ஆரன் ஷுர்கர் குழு, அந்த அலை முடிவே அல்ல, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கம் எல்லையைத் தொடும் நேரத்தில் கை மடங்குவதால் அப்படித் தெரிகிறது என்று விளக்கியது. அந்தச் சோதனையை இவ்வளவு பெரிதாக்கியிருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். கையை இப்போது மடக்கினால் என்ன, அரை வினாடி கழித்து மடக்கினால் என்ன? அதில் யாருக்கும் இழப்பில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துச் சூதாடியவரின் மூளைதான் உண்மையான கேள்வியைக் கேட்கிறது.

சட்டம் அந்தக் கேள்வியை இன்னும் சரியாகக் கேட்கவில்லை. நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், சித்தம் கலங்கியவனுக்குத் தன் செயல் இன்னதென்று அறியும் திறன் இருந்ததா, அது தவறென்று அறியும் திறன் இருந்ததா என்றே பார்க்கின்றன. நம் நோயாளிக்கு அறிவில் குறையே இல்லை. இது சூது, இது கடன், இது தப்பு, எல்லாம் தெரியும். குறை வேட்கையில். அதைச் சட்டத்தின் தராசு எடுப்பதில்லை. பிரான்சில் 2012ல் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படிப்பட்ட நோயாளி ஒருவருக்கு மருந்து நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது மருந்தின் மீதான தீர்ப்பு. மாத்திரை இல்லாமலே, பிறப்பாலும் வளர்ப்பாலும் மூளையில் அதே வேட்கை ஏறிப்போனவர்களுக்கு யார் நஷ்டஈடு தருவது?

ராபர்ட் சபோல்ஸ்கி 2023ல் எழுதிய நூலில் நேர் வழியாகப் போய்விடுகிறார்: சுயேச்சை இல்லவே இல்லை, ஆகவே பழிக்கும் புகழுக்கும் அடிப்படை இல்லை. அதே ஆண்டு கெவின் மிட்செல் எதிர்ப்பக்கம் நின்று, உயிர்கள் பரிணாமத்தில் தமக்கென ஒரு செயல்திறனைப் பெற்றிருக்கின்றன என்று எழுதினார். சபோல்ஸ்கியின் கருணை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய முடிவுக்கு நம் வேரே ஒப்புக்கொள்ளவில்லை. ரெசர்பினால் மனச்சோர்வு வந்தது என்று 1950களில் அறிக்கைகள் வந்ததும், பொருள் குறைந்தால் சோகம் என்று ஒரு நேர்க்கணக்கை மருத்துவ உலகம் எழுதிக்கொண்டது. பின்னாளில் ஆதாரங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள் அது அவ்வளவு உறுதியாக இல்லை என்று கண்டார்கள். 1955ல் லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் நடத்திய சோதனையில் பதற்றமும் சோர்வும் கொண்டவர்களுக்கு ரெசர்பின் நன்மையே செய்திருந்தது. சூதாட்டத்திலும் அப்படித்தான். நூற்றில் 17 பேருக்கு வேட்கை என்றால் மீதி 83 பேருக்கு இல்லை. இளம் வயது, புகைப்பழக்கம், மணமாகாத நிலை, குடும்பத்தில் சூதாட்டப் பிரச்சினை, இவை சேரும் இடத்தில் வேட்கைக்கான வாய்ப்பு கூடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். இந்த மருந்து இப்படிச் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லிவிட்டால், அவர் நடந்துகொள்வது மாறுகிறது. வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்துவைக்கிறார். ஆசை ஏறுவதைக் கண்டதும் மருத்துவரிடம் ஓடுகிறார். மருந்தளவு குறைகிறது. அவருடைய மூளை அதே மூளைதான், இயற்பியல் விதி எதுவும் மாறவில்லை. எறிந்த கையைப் பற்றிய செய்தி கல்லின் காதில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தச் செய்தியும் ஒரு காரணம், மற்றக் காரணங்களோடு போட்டி போடும் காரணம். காரணங்களை அறியும் அளவுக்கு மனிதன் விடுதலை பெறுகிறான் என்று ஸ்பினோசாவே தன் முதன்மை நூலின் இறுதிப் பகுதியில் வாதிட்டார். சுயேச்சை உண்டா இல்லையா என்று கேட்பதைவிட, இவரிடம் இன்று எவ்வளவு இருக்கிறது, அதைக் கூட்ட யார் என்ன செய்யலாம் என்று கேட்பது நோயாளிக்குப் பயன்படும். அளவில் கூடிக் குறையும் ஒன்றை நாம் எல்லாரிடமும் சமமாக இருப்பதாக வைத்துக்கொண்டு தண்டிக்கிறோம், மதிப்பெண் போடுகிறோம், குடிகாரன் என்று ஏசுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

வேரின் பயணம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ரத்தக்கொதிப்புக்கு வேறு மருந்துகள் வந்தபின் ரெசர்பினை எழுதித்தருவோர் குறைந்தார்கள். காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பிடுங்கியதால், 1990 முதல் சர்ப்பகந்தியின் வெளிநாட்டு வணிகம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

டோபமைன் போல நடிக்கும் மாத்திரைகளோ இன்று எல்லா ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும். மட்டாஞ்சேரியில் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு படியிறங்கும் முதியவர் நாலடி நடப்பதற்குள் லாட்டரிச் சீட்டு விற்பவர் எதிரே வருவார். 1967ல் கேரள அரசு தொடங்கிய லாட்டரி, சட்டப்படியானது, தினமும் குலுக்கல். மதுரையிலும் கோவையிலும் லாட்டரி இல்லை, கைபேசி இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் நடையையும் நடுக்கத்தையும் விசாரித்தபின் இன்னும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு எடுக்கிறீர்கள்? நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. வீட்டுக்காரம்மாவையும் மகனையும் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அடுத்த முறை வரும்போதும் கேட்க வேண்டும்.